ஒளிப்புள்ளி தந்த பேராசிரியர்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

எங்கள் வீட்டுக் கூடத்தின் மூலையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கிடைத்தது. நான் நடக்கப் பழகிய நாட்களில் வந்து, நான் பள்ளிக்குப் போன காலமெல்லாம் பாடிப் பேசி, பத்தாம் வகுப்பை முடிப்பதற்குள் ஊமையாகிவிட்டது. அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம் என்று அம்மா எத்தனையோ முறை சொல்லியும் அப்பா இசையவில்லை. நெல் மண்டியில் மூட்டை சுமக்கும் அவர், தம் வீட்டுக்கு முதன்முதல் வந்த பெரிய பொருள் என்று அதை இன்றும் துண்டால் துடைத்து வைக்கிறார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். முதலாண்டு ஆய்வுக்கூடத்தில் சி.ஆர்.ஓ. என்று நாம் சுருக்கிச் சொல்லும் அலைகாட்டியின் முன் நின்றபோது, பச்சைத் திரையில் நெளிந்த அந்த ஒற்றைக் கோடு என்னை ஆட்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தை இது காட்டிவிடுகிறதே. இது கையில் இருந்தால் அப்பாவின் பெட்டியைப் பேச வைத்துவிடலாமே என்று எண்ணினேன். கல்வி உதவித் தொகையில் மிச்சம் பிடித்த பணத்தோடு அப்பா கொடுத்ததையும் சேர்த்து, கோடை விடுமுறையில் பழைய அலைகாட்டி ஒன்றை வாங்கி வந்தேன்.

வாங்கிய மூன்றாம் நாள், பெட்டியின் மின்வழங்கிப் பகுதியில் கிரவுண்டு கிளிப்பை மாட்டினேன். படீரென்ற ஓசையுடன் பொறி பறந்தது, பியூசு போயிற்று. பழுது பார்க்கும் ஒருவரிடம் கேட்டதில், அலைகாட்டியின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் பொறி வராது என்றார். பியூசையும் கருகிய டயோடுகளையும் மாற்றிவிட்டு, அப்படியே செய்தேன். பொறி வரவில்லை; ஆனால் அலைகாட்டியின் உலோகக் கூட்டில் என் இடக்கை பட்டதும் விரல்கள் அதனோடு ஒட்டிக்கொண்டன. கத்தக்கூட என்னால் முடியவில்லை. வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா என் முகத்தைப் பார்த்தாரோ, என்ன பார்த்தாரோ, என்னைத் தொடாமல் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். என்னைத் தொட்டிருந்தால் இன்று இதை எழுத நானும் இல்லை. படிக்கக் கேட்க அவரும் இல்லை.

அன்றிரவு அப்பா என்னைத் திட்டவில்லை. இந்தப் பெட்டியை முதலில் செய்தவர் யார், அவருக்கும் இப்படி அடித்ததா என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வாங்கத் தெரிந்தது, மாட்டத் தெரிந்தது. செய்தவர் பெயர் தெரியவில்லை. வெட்கத்தோடு நூலகத்தைத் தேடிப் போனேன். அங்கே நான் கண்டறிந்த மனிதரைத்தான் இப்போது உங்கள் முன் நிறுத்துகிறேன்.

பள்ளி ஆசிரியர் கண்ட புதுமை

கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் 1850-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் ஜெர்மனியின் ஃபுல்டா நகரில் பிறந்தார். தந்தை நீதிமன்ற அலுவலர். மார்பர்க்கிலும் பெர்லினிலும் பயின்று, அதிரும் கம்பிகளைப் பற்றிய ஆய்வுக்காக 1872-இல் முனைவர் பட்டம் பெற்றார். அலைவுகளைக் கண்ணுக்குக் காட்டும் கருவியைப் பின்னாளில் தந்தவரின் முதல் ஆராய்ச்சியே அலைவு பற்றியதாக அமைந்தது எவ்வளவு பொருத்தம்!

பட்டம் பெற்றதும் பல்கலைக்கழகப் பதவி கதவைத் திறந்து காத்திருக்கவில்லை. ஆசிரியர் தேர்வு எழுதித் தேறி, 1874-இல் லைப்சிக் நகரின் புனித தாமஸ் பள்ளியில் ஆசிரியரானார். பகலில் பாடம் நடத்துவதும் ஓய்வு நேரத்தில் ஆய்வு செய்வதுமாக அவர் நாட்கள் கழிந்தன. இளைஞர்களுக்குக் கணிதத்தையும் இயற்கை அறிவியலையும் இனிமையாகச் சொல்லும் நூல் ஒன்றையும் அக்காலத்தில் எழுதினார்.

அந்த ஆண்டிலேயே அவர் ஒரு புதுமையைக் கண்டார். ஈயத்தின் கனிமமாகிய கலீனா போன்ற சல்பைடு படிகங்களின்மீது ஒரு கம்பியின் கூர்முனையை வைத்து மின்னோட்டம் செலுத்தினால், ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் அரிதாகவும் மின்சாரம் பாய்ந்தது. ஓமின் விதியையே வேதமாகக் கொண்டிருந்த காலம் அது. இரு திசையிலும் ஒரே தடைதானே இருக்க வேண்டும் என்ற ஐயம் பலருக்கு எழுந்தது. இந்த விளைவால் அன்று எந்தப் பயனும் விளையவில்லை. கால் நூற்றாண்டு கழித்துக் கம்பியில்லாத் தந்தி வந்த பிறகுதான் படிகத்தின் அருமை புரிந்தது. நம் நாட்டின் ஜகதீச சந்திர போசும் கலீனா படிகத்தைக் கொண்டு மின்காந்த அலைகளை உணரும் கருவி அமைத்து, 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் நான்கு டயோடுகளை வைத்துப் பால அலைதிருத்தி அமைக்கிறோமே, அதன் மூதாதை லைப்சிக்கில் ஒரு பள்ளி ஆசிரியர் கையிலிருந்த கல்துண்டுதான்.

இரண்டாண்டுகளுக்குப் பின் அவர் மார்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1880-இல் ஸ்ட்ராஸ்பர்க், 1883-இல் கார்ல்ஸ்ரூஹ, 1885-இல் டூபிங்கன் என்று ஊர் ஊராகப் பணியாற்றினார். டூபிங்கனில் புதிய இயற்பியல் நிலையத்தைக் கட்டி எழுப்பும் பொறுப்பும் அவருடையதாயிற்று. 1895-இல் மீண்டும் ஸ்ட்ராஸ்பர்க் வந்து, இயற்பியல் நிலையத்தின் இயக்குநராக அமர்ந்தார்.

எடையற்ற எழுதுகோல்

அக்காலத்து விஞ்ஞானிகளுக்கு ஒரு பெரும் இடர் இருந்தது. மாறுதிசை மின்னோட்டம் விநாடிக்குப் பல முறை ஏறி இறங்குகிறது. அதன் வடிவத்தைக் காண்பது எப்படி? கால்வனாமீட்டரின் முள்ளுக்கு எடை உண்டு; எடை உள்ளதற்கு நிலைமம் உண்டு. மின்னோட்டம் திசை மாறும் வேகத்துக்கு முள்ளால் ஓட இயலாது. விரைந்து பேசுபவரின் சொற்களைக் கடப்பாரையால் எழுத முயல்வதைப் போன்றது அது.

பிரவுன் எடையே இல்லாதது போன்ற ஓர் எழுதுகோலைத் தேடினார். காற்றகற்றிய கண்ணாடிக் குழாயில் எதிர்மின் முனையிலிருந்து கிளம்பும் கதிர்கள் காந்தத்தால் வளைகின்றன என்பது அப்போதே தெரிந்த செய்தி. அதை அவர் பயன்படுத்திக்கொண்டார். நீண்ட குழாயின் ஒரு முனையில் எதிர்மின்வாய். நடுவே சிறு துளையிட்ட அலுமினியத் தகடு. மறுமுனையில் ஒளிரும் பொருள் பூசிய மைக்கா திரை. துளை வழியே வந்த மெல்லிய கற்றை திரையில் ஓர் ஒளிப்புள்ளியாய் விழுந்தது. குழாய்க்கு வெளியே ஒரு கம்பிச்சுருளை வைத்து, ஆராய வேண்டிய மின்னோட்டத்தை அதில் செலுத்தினார். புள்ளி மேலும் கீழும் ஓடிக் கோடாயிற்று. அக்கோட்டைச் சுழலும் கண்ணாடியில் பார்த்தபோது அலை விரிந்தது! 1897-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இச்செய்தி ஆய்விதழில் வெளிவந்தது.

நண்பர்களே, இங்கே ஒரு வியப்பு. கேதோடு கதிர் என்பது மின்னூட்டம் பெற்ற நுண்துகள்களின் ஓட்டம் என்பதை ஜே. ஜே. தாம்சன் இலண்டனில் அறிவித்தது அதே ஆண்டு ஏப்ரலில். ஆக, தாம் கையாண்ட எழுதுகோல் எதனால் ஆனது என்பதை உலகம் அறியுமுன்பே பிரவுன் அதைக்கொண்டு எழுதிவிட்டார்.

அவர் குழாய் குளிர்ந்த எதிர்மின்வாயைக் கொண்டது. அதனால் அதை இயக்கப் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் வேண்டியிருந்தது. அப்பாவின் கேள்விக்கு விடை தேடி இந்த இடத்தை இரண்டு முறை படித்தேன். அவருக்கு அடித்ததா இல்லையா என்பதை எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. உயர் மின்னழுத்தம் அவருக்குப் புதியதன்று. குழாய்க்குச் சில ஆண்டுகள் முன்னரே, உயர் அழுத்தத்தை அளக்க உலோகக் கூட்டுக்குள் முள் அமைந்த ஒரு மின்னழுத்தமானியை வடிவமைத்திருந்தார். இன்றும் இயற்பியல் ஆய்வுக்கூடங்களில் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அளப்பது எதுவோ அதன் இயல்பை முதலில் அறிந்துகொண்டு பிறகுதான் கை வைத்தார் என்று நான் புரிந்துகொண்டேன்.

1899-இல் அவர் உதவியாளர் யோனாத்தான் ஜென்னெக், புள்ளியைக் கிடையாகவும் சீரான வேகத்தில் இழுத்துச் செல்லும் ஏற்பாட்டைச் சேர்த்தார். சுழலும் கண்ணாடி தேவையற்றுப் போயிற்று. காலம் கிடை அச்சிலும் மின்னோட்டம் செங்குத்து அச்சிலும் அமைந்து, நாம் ஆய்வுக்கூடத்தில் காணும் அலைகாட்டி முழுமை பெற்றது. பின்னர் வெனெல்ட் சூடேறிய எதிர்மின்வாயை அமைத்ததால் குறைந்த மின்னழுத்தமே போதுமென்றாயிற்று. 1947-இல் அமெரிக்காவின் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், அலை ஒரு குறித்த நிலையை எட்டும்போது மட்டும் வரையத் தொடங்கும் அலைகாட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. திரையில் அலை ஓடாமல் நிற்பது அந்த ஏற்பாட்டால்தான்.

குழாய்க்குப் பிரவுன் காப்புரிமை பெறவில்லை. எவரும் செய்து பார்க்கட்டும் என்று ஆய்விதழில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டார். அவர் குழாயே வளர்ந்து தொலைக்காட்சியின் படக்குழாய் ஆயிற்று. ஜப்பானியரும் கொரியரும் அதைப் பிரவுன் குழாய் என்றே அழைத்தனர். எங்கள் கூடத்து மூலையில் ஊமையாய் இருந்தது யாருடைய குழந்தை என்று அப்போது அறிந்தேன்!

கடலைத் தாண்டிய குரல்

பிரவுனுக்கு நோபல் பரிசு கிடைத்தது இந்தக் குழாய்க்காக அன்று, கம்பியில்லாத் தந்திக்காக. மார்க்கோனியின் தொடக்கக் கருவிகளில் மின்பொறி விழும் இடைவெளி ஏரியலோடு நேரே இணைந்திருந்தது. ஆற்றல் சட்டென்று சிதறியதால் தொலைவு போதவில்லை. பிரவுன் பொறியை ஏரியலிலிருந்து பிரித்தார். மின்தேக்கியும் சுருளும் கொண்ட ஒரு மூடிய சுற்றில் அலைவை உண்டாக்கி, மின்மாற்றியைப் போலத் தூண்டல் வழியே ஏரியலுக்குக் கொடுத்தார். 1900-ஆம் ஆண்டு செப்டம்பரில், குக்ஸ்ஹாஃபன் கரைக்கும் ஹெல்கோலாந்துத் தீவுக்கும் இடையே சுமார் 62 கிலோமீட்டர் கடலைத் தாண்டி அவர் முறையில் செய்தி சென்றது.

1909-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசை மார்க்கோனியும் பிரவுனும் பகிர்ந்துகொண்டனர். மார்க்கோனி பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர், வயது 35. பிரவுன் பேராசிரியர், வயது 59. பிரவுன் படிகத்தின் புதுமையைக் கண்ட 1874-இல்தான் மார்க்கோனி பிறந்தார் என்பதை நினைத்துப் பார்க்கையில் காலத்தின் விளையாட்டு வியப்பூட்டுகிறது.

அயல் மண்ணில் அந்தி

அவர் வாழ்வின் முடிவு நெஞ்சைப் பிழிவது. 1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. அமெரிக்காவில் சேவில் என்னுமிடத்திலிருந்த ஜெர்மானியக் கம்பியில்லாத் தந்தி நிலையம் தொடர்பான காப்புரிமை வழக்கில் சாட்சி சொல்ல, உடல் நலம் குன்றியிருந்த நிலையிலும் அவ்வாண்டின் இறுதியில் ஜென்னெக்குடன் கப்பலேறினார். போன கப்பல் திரும்பி வர வழியில்லை. 1917 ஏப்ரலில் அமெரிக்காவும் போரில் இறங்கியதும் அவர் பகை நாட்டவர் ஆனார். நியூயார்க்கின் புரூக்ளினில் மகன் வீட்டில் தங்கியிருந்தார். அவர் துணைவியார் அமெலி, கணவரை மீண்டும் காணாமலே 1917-இல் ஜெர்மனியில் மறைந்தார். 1918 ஏப்ரல் 20-ஆம் நாள், போர் ஓயச் சில மாதங்களே இருக்கையில், பிரவுனும் புரூக்ளினில் கண் மூடினார். அந்த ஆண்டின் இறுதியில் அவர் பணியாற்றிய ஸ்ட்ராஸ்பர்க் நகரமே பிரான்சின் கைக்குப் போயிற்று. அவருடைய சாம்பல் பின்னர் பிறந்த ஊரான ஃபுல்டாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கடலைத் தாண்டிச் செய்தி அனுப்பக் கற்பித்தவர், கடலைத் தாண்டி வீடு திரும்ப முடியாமல் போனார்.

நான் கற்ற பாடம்

அவர் வரலாற்றைப் படித்துவிட்டு என் அலைகாட்டியைப் புதிய கண்ணோடு பார்த்தேன். துறைப் பேராசிரியர் ஐயா அவர்களிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் படம் வரைந்து விளக்கியதை, என்னைப்போல் வீட்டில் பழுது பார்க்க ஆசைப்படும் தோழர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில், வாங்கும் முறை. ஒலிபெருக்கி, மின்வழங்கி, பழைய தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு 20 மெகாஹெர்ட்ஸ், இரண்டு அலைவரி கொண்ட பழைய அலைகாட்டியே போதும். காண விரும்பும் அதிர்வெண்ணைப்போல் ஐந்து மடங்கு அலைகாட்டியின் திறன் இருந்தால் அலையின் வடிவம் கெடாது. பழையதை வாங்கும்போது புள்ளி கூர்மையாகிறதா, திரையில் எரிந்த தழும்பு உண்டா என்று பார்க்க வேண்டும். முகப்பில் உள்ள அளவுத்திருத்த முனையின் சதுர அலையை இரண்டு அலைவரியிலும் கண்டபின்தான் பணத்தை எண்ண வேண்டும். ஒருமுறை மட்டும் தோன்றி மறையும் துடிப்பைப் பிடிக்க வேண்டுமானால் நினைவில் வைத்துக் காட்டும் டிஜிட்டல் அலைகாட்டி தேவை. பத்துக்கு ஒன்று எனக் குறைக்கும் புரோப்பும், அது தாங்கும் வோல்ட் அளவும் மிக முக்கியம். 230 வோல்ட் என்று நாம் சொல்லும் வீட்டு மின்சாரத்தின் உச்சம் சுமார் 325 வோல்ட் என்பதை மறக்கலாகாது.

இனி, உயிர் காக்கும் முறை. அலைகாட்டியின் கிரவுண்டு கிளிப்பும் உலோகக் கூடும் எர்த் பின்னும் உள்ளே ஒன்றாக இணைந்தவை. மின்மாற்றியால் பிரிக்கப்படாமல் மெயினிலிருந்து நேரே டயோடுகளுக்குப் போகும் பகுதியில் அந்தக் கிளிப்பை மாட்டினால் எர்த் வழியே குறுக்குச்சுற்று ஏற்படும். நான் கண்ட பொறி அதுதான். எர்த் பின்னை எடுத்துவிட்டாலோ, வெளியேற வழியில்லாத மின்சாரம் கூட்டிலேயே காத்திருக்கும். என் விரல்களைப் பிடித்தது அதுதான். ஆகவே எர்த் பின்னை ஒருபோதும் எடுக்கக் கூடாது. பழுது பார்க்கும் பெட்டிக்குத்தான் ஒன்றுக்கு ஒன்று விகிதமுள்ள தனிப்படுத்தும் மின்மாற்றி கொடுக்க வேண்டும், அலைகாட்டிக்கு அன்று. தொடரில் பல்பு மாட்டுவது மின்னோட்டத்தைக் குறைக்குமேயன்றி மெயினிலிருந்து பிரிக்காது. தனிப்படுத்திய பிறகும் இரண்டு புள்ளிகளை இரு கைகளால் தொட்டால் ஆபத்துதான். ஆதலால் ஒரு கையால் வேலை செய்து மறு கையை விலக்கி வைப்பது நலம். சுவிட்சை அணைத்த பின்னும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். தகுந்த மின்தடை வழியே அதை இறக்கி, மீட்டரால் சரிபார்த்த பிறகே கை வைக்க வேண்டும். வண்ணப் படக்குழாயின் மின்னழுத்தமோ 20,000 வோல்ட்டையும் தாண்டும். அதன் பக்கம் பழகாதவர் போகலாகாது. வீட்டில் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். மெயின் சுவிட்சு எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசி விதியை எனக்குக் கற்பித்தவர் அப்பா.

தீபாவளி விடுமுறையில், எர்த் பின்னை மீண்டும் பொருத்தி, மின்மாற்றி வழியே பெட்டியை இணைத்து, அலைகாட்டியை முடுக்கினேன். அப்பா மெயின் சுவிட்சின் அருகே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கட்டுப்பாட்டுச் சுற்றின் துடிப்பு எழுவதும் அடங்குவதுமாய்த் திரையில் தெரிந்தது. அதற்கு மின்சாரம் ஊட்டும் சிறு மின்தேக்கி உலர்ந்து போயிருந்தது. சில ரூபாய் விலைதான் அதற்கு. மாற்றினேன். உள்ளே மெல்ல ஒரு முனகல். பிறகு திரை முழுதும் நீல ஒளி. படம் வரக் கேபிள் இணைப்பு இல்லை. ஆனாலும் அப்பா அந்த வெறும் ஒளியையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவருக்குப் பிரவுனின் கதையைச் சொன்னேன். பள்ளி ஆசிரியராய் இருந்ததைச் சொன்னபோது தலையசைத்தார். காப்புரிமை வாங்காததைச் சொன்னபோது சிரித்தார். அயலூரில் இறந்ததைச் சொன்னபோது பேசாமல் இருந்தார். அவருக்கு அடித்ததா என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் என்னிடம் விடை இல்லை என்றேன். அதற்கு அப்பா, இனி எனக்கு அடிக்காமல் இருந்தால் போதும் என்றார்.

நாம் கையாளும் கருவி ஒவ்வொன்றின் பின்னும் ஒரு மனிதரின் உழைப்பு இருக்கிறது. அவரை அறிந்து, கருவியின் இயல்பை அறிந்து, அச்சத்தோடு கூடிய அன்புடன் அதைத் தொடுவோம். ஆய்வுக்கூடத்தில் அடுத்த முறை அந்த ஒளிப்புள்ளி ஓடும்போது, அதை முதலில் ஓடவிட்ட கார்ல் பெர்டினாண்ட் பிரவுனை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம். அதற்கு முன்னால், எர்த் பின் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வோம்.